கவலைத் தோலும் மூணு புரிக் கயிறும்

காங்கேயம்னு சொன்னதும் எல்லாருக்கும் மாடுதான் ஞாபகம் வரும். வளைஞ்ச கொம்பு, எடுப்பான திமில், சாம்பல் நிறம். (கன்று பிறக்கும்போது செம்பழுப்பாகத்தான் இருக்கும், சில மாதங்களில் சாம்பலாக மாறும். அது வேறொரு கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.) இந்தக் குறிப்பு மாட்டைப் பற்றியது இல்லை, மாட்டுத் தோலைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தத் தோலுக்கு உறுதி தரும் ஒரே ஒரு புரதத்தைப் பற்றியது. அதன் பெயர் கொலாஜன். அதன் வடிவத்தை முதலில் சரியான திசையில் ஊகித்தது சென்னையில், 1954ல். அந்தக் கதையை எல்லோரும் ஆய்வுக்கூடத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் கிணற்று மேட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கொங்குப் பகுதியில் மின்மோட்டார் வருவதற்கு முன்னால் கிணற்றுப் பாசனம் என்றால் கவலைதான். சாய்வான வாரியில் இரண்டு எருதுகள் கீழ்நோக்கி இறங்கும், ஓட்டுகிறவர் வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்த்துக் கொடுப்பார், கிணற்றுக்குள்ளிருந்து சால் மேலே வரும். சாலுக்கு அடியில் தோலால் தைத்த நீளமான வால் ஒன்று இருக்கும். அதற்குத் தனிக் கயிறு. சால் ஏறும்போது வால் மடங்கித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மேலே வந்ததும் அதன் வாய் தாழ்ந்து தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். காங்கேயம் எருது பேர் வாங்கியதே இந்த மாதிரி இழுப்பு வேலையில்தான்.

இப்போ அந்தத் தோலை யோசிச்சுப் பாருங்க. செத்த மாட்டின் தோல். காலையிலிருந்து உச்சி வரைக்கும் தண்ணீரில் முங்கி முங்கி எழும். மடங்கும், நிமிரும், பாரம் தாங்கும். ஆனாலும் கரையாது, அழுகாது, இழுபட்டு நீளவும் செய்யாது. அதே சமயம் பதனிடாத பச்சைத் தோலை எடுத்து மணிக்கணக்கில் கொதிக்க வைத்தால் என்ன ஆகும்? கூழாகிவிடும். ஆசாரிகள் மரத்தை ஒட்ட வைத்திருந்த வஜ்ஜிரம் அதுதான். இன்றைக்கு மாத்திரைக் கூடாக வரும் ஜெலட்டினும் அதுதான். பொருளில் ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. அதே அமினோ அமிலங்கள், அதே வரிசை. ஒன்று எருது இழுத்தாலும் கிழியாது, இன்னொன்று நாக்கில் வைத்தால் கரைந்துவிடும். போனது வடிவம் மட்டும்தான்.

புரதத்துக்கு வடிவம்தான் வேலை என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் எழுதிவிடுவார்கள். அந்த வரிக்கு வஜ்ஜிரத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்த விஷயத்தைக் கையால் அறிந்தவர்கள் இருந்தார்கள். கொங்கில் கவலைத் தோலைத் தைத்துக் கொடுத்ததும், பழுது பார்த்ததும் பெரும்பாலும் அருந்ததியர் குடும்பங்கள். அவர்கள் தைத்த தோல் நாள் முழுக்க பண்ணையக்காரர் கிணற்றுக்குள் போய்வரும். அவர்கள் அந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்தக் கூடாது. இதையும் சொல்லாமல் தோலின் வரலாற்றை எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதனிட ஆவாரம்பட்டை. காங்கேயம், தாராபுரம் சாலையோரங்களில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறதே, அதே ஆவாரைதான். கொறங்காட்டில் நிற்கிற வெள்வேல மரத்தின் பட்டையும் தோலுக்குப் பயன்பட்டிருக்கிறது. பட்டையில் இருக்கும் துவர்ப்புப் பொருள் தோலின் நாருக்குள் புகுந்து, பக்கத்துப் பக்கத்து இழைகளைப் பிடித்துக் கட்டிவிடும். ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடித்த தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போனது. ஈஸ்ட் இந்தியா தோல் என்று அதற்கு ஒரு தனிப்பெயரே சந்தையில் இருந்தது.

1903ல் சென்னை ஓவியக் கல்லூரியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் குரோம் உப்பைக் கொண்டு பதனிடும் முறையை அரசுச் செலவில் சோதிக்க ஆரம்பித்தார். நம்ம கவலையும் இங்கே வருகிறது: பட்டையில் பதனிட்ட தோலைவிட குரோம் தோல் தண்ணீரில் அதிக நாள் தாங்கும் என்பதால், அவர் குறிவைத்த சந்தைகளில் ஒன்று கவலைத் தோல். ஏற்றுமதியையும் செருப்பையும் மட்டும் நினைத்து ஒரு புதுத் தொழில்நுட்பம் இங்கே இறங்கியது என்று நினைத்துக்கொண்டிருப்போம். அதன் பின்னால் கிணறும் இருந்திருக்கிறது.

தோலின் உறுதியை அளக்க ஒரு எளிய சோதனை உண்டு. நனைந்த தோலை மெதுவாகச் சூடேற்றினால், ஒரு வெப்பநிலையில் சட்டென்று சுருங்கும். பச்சைத் தோல் 60 முதல் 65 டிகிரியில் சுருங்கிவிடும். பட்டையில் பதனிட்டது அதற்கு மேல் 80 டிகிரி வாக்கில். நன்றாகக் குரோம் ஏறிய தோல் கொதிக்கிற தண்ணீரையே தாங்கும். எது சுருங்குகிறது, ஏன் சுருங்குகிறது? 1950 வரைக்கும் தெளிவான பதில் இல்லை.

1948ல் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பமானது. 1952ல் அதற்குப் பக்கத்திலேயே, கிண்டியில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக ஜி.என். ராமச்சந்திரன் வந்தார். சி.வி. ராமனின் மாணவர்; வயது முப்பதை ஒட்டி. துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், ராமனின் பரிந்துரையில் அவரை அழைத்திருந்தார். எக்ஸ் கதிர் ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவியாகிவிட்டது, எதை ஆராய்வது என்பதுதான் முடிவாகவில்லை. அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்த ஜே.டி. பெர்னல், கொலாஜனுக்கு இதுவரை சொன்ன வடிவங்கள் எதுவும் திருப்தியாக இல்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். 1951ல் லைனஸ் பாலிங்கும் ராபர்ட் கோரியும் கொலாஜனுக்கும் ஒரு வடிவம் வெளியிட்டிருந்தார்கள், அது தவறு. ஆல்ஃபா சுருளைக் கண்டுபிடித்த அதே பாலிங்!

ராமச்சந்திரன் கொலாஜன் தேடினார். பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையில் சுறாத் துடுப்பிலிருந்து எடுத்தது கிடைத்தது. படம் அவ்வளவு தெளிவாக விழவில்லை. அப்புறம் பக்கத்துத் தோல் நிலையத்தை நாடினார். அதன் மூலம் வந்தது கங்காரு வால் தசைநார். காங்கேயம் மாட்டுத் தோலே வந்திருந்தால் என் கட்டுரைக்கு நன்றாக இருந்திருக்கும், என்ன செய்ய! வால் தசைநாரில் இழைகள் ஒரே திசையில் நெருக்கமாக அடுக்கியிருக்கும், அதனால் எக்ஸ் கதிர் படத்தில் புள்ளிகள் தெளிவாக விழும். தோலில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். தோலுக்கு அது நல்லது, படத்துக்கு நல்லதில்லை.

படத்தோடு சேர்ந்து இன்னொரு துப்பும் இருந்தது. எந்த மிருகத்தின் கொலாஜனை எடுத்தாலும் அதன் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். மிகச் சிறியது அதுதான். பக்கக்கிளை என்று சொல்ல ஒரு ஹைட்ரஜன் அணு மட்டுமே. மூன்றில் ஒன்று என்றால், ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அது இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் என்ன? ராமச்சந்திரனும் அவருடைய சக ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் அந்த ஊகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் தனக்குள் சுருண்டிருக்கிறது. மூன்றாவதாக வரும் கிளைசின் எல்லாம் உள்பக்கம் பார்க்கிறது, ஏனென்றால் நடுவில் இருக்கும் இடத்தில் ஒரு ஹைட்ரஜனுக்கு மேல் எதுவும் நுழையாது. 1954 ஆகஸ்டில் நேச்சர் இதழில் இது வந்தது. அடுத்த வருடம், புதிய எக்ஸ் கதிர் அளவுகளுக்கு ஒத்துப்போகும்படி, மூன்று சங்கிலிகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்வதாகத் திருத்தினார்கள். சந்திரன் பூமியைச் சுற்றும்போது ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டே சுற்றுகிறதே, அதிலிருந்துதான் இந்த யோசனை வந்தது என்று சொல்லப்படுவதுண்டு. சங்கிலி தானும் திரும்பிக்கொண்டு நடு அச்சையும் சுற்றினால், கிளைசின் எப்போதும் உள்ளேயே பார்க்கும்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு சந்திரன் வரைக்கும் போகத் தேவையில்லை. வெள்ளகோவில் பக்கம் தேங்காய் நார்க் கயிறு திரிப்பதைப் பார்த்திருந்தால் போதும். ஒரு புரியை ஒரு பக்கம் முறுக்குவார்கள். அப்படி முறுக்கிய மூன்று புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்குவார்கள். ஒரே பக்கமாக முறுக்கினால் கையை எடுத்ததும் கயிறு பிரிந்துவிடும். எதிர் எதிராக இருந்தால் புரி பிரியப் பார்க்கும்போது கயிறு இறுகும். கொலாஜனிலும் அப்படியே: ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கச் சுருள், மூன்றும் சேர்ந்த கயிறு வலப்பக்கச் சுருள். திருப்பூரில் நூல் வியாபாரம் செய்கிறவர்களுக்கு எஸ் முறுக்கு, இசட் முறுக்கு என்றால் புரியும். ஒற்றை முறுக்கு நூலில் பின்னிய பனியனைத் துவைத்ததும் பக்கத் தையல் கோணிக்கொண்டு முன்னால் வருகிறதே, எதிர்முறுக்கு இல்லாததன் பலன் அது. இரண்டு நூலை எதிர்ப்பக்கம் முறுக்கிச் சேர்த்துப் பின்னினால் அந்தத் தொல்லை குறையும்.

இந்தக் கயிறு சுமார் 300 நானோமீட்டர் நீளம், ஒன்றரை நானோமீட்டர் தடிமன். சங்கிலிக்கு ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே அமினோ அமிலங்கள். அதில் ஒரே ஒரு கிளைசின் மாறிவிட்டால்கூட அந்த இடத்தில் கயிறு புடைத்துக்கொள்ளும். பிறவியிலேயே எலும்பு பொடிப்பொடியாக உடையும் நோய் பலருக்கு வருவது அப்படித்தான். ஆயிரத்தில் ஒன்று!

கதை இங்கே நின்றிருந்தால் ராமச்சந்திரன் இன்னொரு நல்ல விஞ்ஞானி, அவ்வளவுதான். 1955 கடைசியில் கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் தங்கள் வடிவத்தை வெளியிட்டார்கள். அதுவும் மூன்று சங்கிலி, முறுக்கிய கயிறு. வித்தியாசம், மூன்று அமினோ அமிலங்களுக்கு எத்தனை ஹைட்ரஜன் பிணைப்பு என்பதில். சென்னை இரண்டு என்றது, கேம்பிரிட்ஜ் ஒன்று என்றது. சென்னை வடிவத்தில் சில அணுக்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவு பக்கத்தில் வர முடியாது என்பது அவர்கள் வாதம்.

இந்தச் சண்டையைப் பற்றி நம்மவர்கள் எழுதும்போது, வெள்ளைக்காரர்கள் நம் கண்டுபிடிப்பைத் தட்டிப் பறித்துவிட்டார்கள் என்ற தொனி வந்துவிடுகிறது. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. மூன்று சங்கிலி, மூன்றாவது இடத்தில் கிளைசின் என்ற அடிப்படை சென்னையிலிருந்து வந்தது. அதற்கான பேர் பல காலம் சரியாகக் கொடுக்கப்படவில்லை என்பது உண்மை. ஆனால் பிணைப்பு விஷயத்தில் கேம்பிரிட்ஜ் சொன்னதுதான் சரி. 1994ல் ஹெலன் பெர்மன், பார்பரா பிராட்ஸ்கி குழு கொலாஜன் மாதிரியான ஒரு சிறு துண்டின் படிகத்தை 1.9 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் பார்த்தபோது, மும்மூன்றுக்கு நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் இருந்தது, சுற்றிலும் தண்ணீர் மூலக்கூறுகளின் வலை ஒன்றும் இருந்தது. இரண்டும் நியாயமான பங்குகள். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்த பகுதி, ராமச்சந்திரன் அந்த விமர்சனத்தை என்ன செய்தார் என்பது. "அவ்வளவு பக்கத்தில் வர முடியாது" என்றால், எவ்வளவு பக்கத்தில் வரலாம்? அதுவரை வெளியான சிறு மூலக்கூறு படிகங்களை எல்லாம் தோண்டி, எந்த அணு எந்த அணுவுக்கு எவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறது என்று கணக்கெடுத்தார். புரதச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் திருப்பக்கூடியவை இரண்டே கோணங்கள்: ஃபை, சை. இரண்டையும் 360 டிகிரியும் திருப்பிப் பார்த்து, அணுக்கள் முட்டிக்கொள்ளும் இடங்களை அடித்துவிட்டால் மிச்சம் எவ்வளவு? வி. சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன் இருவரோடும் சேர்ந்து 1963ல் அந்த வரைபடத்தை வெளியிட்டார். மொத்தப் பரப்பில் கால்வாசிக்கும் குறைவான இடம்தான் மிச்சம். ஆல்ஃபா சுருளும் கொலாஜன் சுருளும் தாள் வடிவமும் எல்லாம் அந்தச் சின்னச் சின்னத் தீவுகளுக்குள் அடங்கிவிட்டன. புரதம் எப்படி வேண்டுமானாலும் மடங்க முடியாது. அணுக்களின் பருமனே முக்கால்வாசி வழியை அடைத்துவிடுகிறது. இன்றைக்கும் உலகத்தில் யார் ஒரு புதிய புரத வடிவத்தை வெளியிட்டாலும், தப்பு இருக்கிறதா என்று முதலில் ராமச்சந்திரன் வரைபடத்தில்தான் போட்டுப் பார்க்கிறார்கள். கர்த்தா அதற்குள் அமெரிக்கா போய்விட்டார்; 1967ல் பஃபலோவில் ரைபோநியூக்லியேஸ் நொதியின் வடிவத்தைக் கண்டவர்களில் அவரும் ஒருவர். அவர் பெயர் நம் பேச்சில் அவ்வளவாக வருவதில்லை.

சரி, வடிவம் தெரிந்துவிட்டது. வடிவம் தெரிந்தால் மட்டும் கயிறு நிற்குமா? நிற்காது. இங்கேதான் செல் எப்போது, எதை அனுமதிக்கிறது என்ற கேள்வி வருகிறது.

கிளைசினுக்கு அடுத்தபடி கொலாஜனில் நிறைய இருப்பது புரோலின். சங்கிலி தயாரானதும், முறுக்குவதற்கு முன்னால், செல் தேர்ந்தெடுத்த புரோலின்களின் மேல் ஒரு ஆக்சிஜன் அணுவை ஏற்றி ஹைட்ராக்சிபுரோலின் ஆக்குகிறது. சின்ன மாற்றம்தான். ஆனால் 1973ல் ரிச்சர்ட் பெர்க், டார்வின் புரோக்காப் இருவரும் அளந்தார்கள்: ஆக்சிஜன் ஏறாத முச்சுருள் 24 டிகிரி வாக்கிலேயே பிரிந்துவிடுகிறது, ஏறியது 39 வரைக்கும் தாங்குகிறது. நம் உடம்பு 37. ஆக்சிஜன் ஏறவில்லை என்றால் நம் உடம்புக்குள் முச்சுருளே நிற்காது. குளிர்ந்த கடலில் இருக்கும் காட் மீனின் கொலாஜனில் ஹைட்ராக்சிபுரோலின் குறைவு. 15 டிகிரி வாக்கிலேயே பிரிந்துவிடும். அதற்கு அது போதும். அந்தந்த உயிருக்கு அதனதன் உடம்புச் சூட்டை ஒட்டியே கயிறு முறுக்கப்பட்டிருக்கிறது.

அந்த ஆக்சிஜனை ஏற்றும் நொதிக்கு இரும்பு வேண்டும், வைட்டமின் சி வேண்டும். வைட்டமின் சி இல்லாத கப்பல் மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. எப்போதோ ஆறிய பழைய புண்ணும் மறுபடி திறந்துகொண்டது, ஏனென்றால் பழைய தழும்பில்கூட கொலாஜன் சத்தமில்லாமல் பிரிந்து புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. புதுக் கயிறு முறுக்கேறாமல் வந்தால் தழும்பு விட்டுப்போகும். 1747ல் ஜேம்ஸ் லிண்ட் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் குணமாக்கினார். ஏன் குணமானது என்று இருநூறு வருடத்துக்கு மேல் கழித்துத்தான் விளங்கியது. ஹைட்ராக்சிபுரோலின் எப்படி உறுதி தருகிறது என்பதற்கு ராமச்சந்திரனே 1973ல், மஞ்சு பன்சால் முதலியோருடன் சேர்ந்து, தண்ணீர்ப் பாலம் என்று ஒரு விளக்கம் சொன்னார். பிற்பாடு ரொனால்ட் ரெய்ன்ஸ் குழு, அந்த ஆக்சிஜன் புரோலின் வளையத்தையே முறுக்குக்குத் தோதான பக்கம் வளைத்து வைக்கிறது, பெரும்பங்கு அதுதான் என்று காட்டியது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கயிறு செல்லுக்குள்ளேயே ஒன்றோடொன்று சேர்ந்து நாராகிவிட்டால் செல் செத்துப்போகும். அதனால் இரண்டு முனையிலும் கூடுதல் துண்டு வைத்தே செல் அதைத் தயாரிக்கிறது. ஒரு முனைத் துண்டு மூன்று சங்கிலிகளையும் சரியாக வரிசை சேர்க்கும். அங்கிருந்து முறுக்கு ஆரம்பிக்கும். வெளியே போனபிறகுதான் தனி நொதிகள் வந்து அந்தத் துண்டுகளை வெட்டும், அப்புறம்தான் கயிறுகள் அடுக்கி நாராகும். இந்த வெட்டு எவ்வளவு முக்கியம் என்பது தெரியவந்தது மாட்டிலிருந்து. 1960களில் பெல்ஜியத்தில் சில கன்றுகள் தொட்டாலே தோல் கிழிகிற மாதிரி பிறந்தன. கொலாஜன் வரிசையில் ஒரு குறையும் இல்லை. ஒரு முனைத் துண்டை வெட்டும் நொதிதான் வேலை செய்யவில்லை. 1971ல் சார்ல் லபியேர் குழு அதைக் கண்டது. அதே குறை மனிதர்களிலும் பிறகு கண்டுபிடிக்கப்பட்டது. தோல் கெட்டியாக இருப்பது தோலின் குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஒரு வெட்டு சரியான நேரத்தில் விழுந்ததன் பலன்.

புரோலின் மேல் ஆக்சிஜன் ஏற்றும் அந்த வேலையை இயற்கை வேறொரு இடத்திலும் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால், எச்.ஐ.எஃப் என்ற புரதம் செல்லுக்குள் சேர்ந்து, புதிய ரத்த அணுக்கள் தயாரிக்கச் சொல்லி உத்தரவு கொடுக்கும். ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால், கொலாஜன் நொதியின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு நொதி, எச்.ஐ.எஃப்-ல் இருக்கும் புரோலின் மேல் ஆக்சிஜனை ஏற்றிவிடும். அது இங்கே முறுக்குக்காக இல்லை, அடையாளத்துக்காக. அந்த அடையாளம் விழுந்த புரதத்தைச் செல் உடனே அழித்துவிடும். ஒரே வேதிமாற்றம், ஒரு புரதத்துக்கு உறுதி, இன்னொன்றுக்குச் சாவு. வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப் இருவரின் குழுக்களும் 2001ல் இதைக் கண்டன. கிரெக் செமென்சாவோடு சேர்த்து 2019ல் நோபல் பரிசு கிடைத்தது.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்த அணு குறையும். அவர்களுக்காக இந்த நொதியைத் தடுக்கும் மாத்திரைகள் வந்திருக்கின்றன. அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் உருவாக்கிய டெசிடுஸ்டாட்டுக்கு 2022ல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. எச்.ஐ.எஃப் நொதியைப் பிடிக்க வேண்டும், ஆனால் அதன் பங்காளியான கொலாஜன் நொதியைத் தொடக்கூடாது. அந்த வித்தியாசத்துக்குத் தகுந்த மாதிரி மூலக்கூறைச் செதுக்குவதுதான் அந்த வகை மருந்துகளில் பெரிய வேலை.